எண்ணெய்ப் பால்மத்துக்கு எந்தப் பிசின்?

எண்ணெயைப் பொடித் துளிகளாகத் தண்ணீரில் கலந்து நிறுத்துவதுதான் பால்மம் (எமல்ஷன்). பிசின் தண்ணீரைக் கெட்டியாக்குவது ஒரு வேலை. எண்ணெய்த் துளியைச் சுற்றிப் படலமாக ஒட்டுவது வேறு வேலை. இதைப் பார்க்காமல் வாங்கினால் பால்மம் பிரியும்.

40 மி.லி. கடலை எண்ணெயை 100 மி.லி. பால்மமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேலம்பிசின் (கம் அகேசியா) என்றால் கணக்கு 4:2:1. அதாவது எண்ணெய் 40 மி.லி., தண்ணீர் 20 மி.லி., பிசின்தூள் 10 கிராம். ஈரமில்லாத, உட்புறம் சொரசொரப்பான பீங்கான் கல்வத்தில் எண்ணெயையும் தூளையும் லேசாகக் கலந்து, 20 மி.லி. தண்ணீரையும் ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில் விடாமல் அரைக்க வேண்டும். வெள்ளைவெளேரென்று ஆகி, குழவி 'டிக் டிக்' என்றால் முதல்நிலைப் பால்மம் கூடிவிட்டது. மீதித் தண்ணீர் அதற்குப் பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாக. முதல் தண்ணீரையே சொட்டுச் சொட்டாக விட்டால் எண்ணெய்க்குள் தண்ணீர் சிக்கி, மஞ்சளாக வழவழவென்று நிற்கும். எவ்வளவு அரைத்தாலும் வெளுக்காது. எண்ணெய் அளந்த குவளை ஈரமாக இருந்தாலும் இதே கதிதான்.

வேலம்பிசினில் சிறிதளவு புரதம் உண்டு. அது எண்ணெய்ப் பக்கம் ஒட்ட, சர்க்கரைச் சங்கிலிகள் தண்ணீர்ப் பக்கம் நீண்டு துளிகளை விலக்கி வைக்கின்றன. ஆனால் பாகு நீர்த்திருப்பதால் மேலே ஏடு கட்டும். ஏடு கட்டினால் குலுக்கிச் சரிசெய்யலாம். எண்ணெயே பிரிந்துவிட்டால் குலுக்கிப் பயனில்லை.

டிராககாந்த் என்ற பிசின் இதற்கு நேர் எதிர். 10 கிராம் வேலம்பிசினுக்குப் பதில் 1 கிராமே போதும், கெட்டியாக நிற்கும். துளிகள்தான் பெரிதாக இருக்கும். தூளைத் துளி ஆல்கஹாலில் நனைக்காமல் தண்ணீரில் போட்டால் கட்டி தட்டும். தனியாகப் போடுவதைவிட, வேலம்பிசினோடு அரை முதல் 1 கிராம் வரை சேர்ப்பதே நல்லது: வேலம்பிசின் துளியைப் பொடியாக்கும், டிராககாந்த் துளிகளை மேலே ஏறவிடாது.

வெக்காலி மரத்துப் பிசின் (கம் கட்டி) சுமார் 5 கிராமே 10 கிராம் வேலம்பிசினின் வேலையைச் செய்யும். முழுதாகக் கரையாது என்பதால் முதலில் தண்ணீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டித்தான் சேர்க்க வேண்டும். பழுப்பு நிறம் ஏறும். வெண்மை முக்கியமென்றால் வேண்டாம்.

கொத்தவரைப் பிசின் வெறும் கெட்டியாக்கி. கடையில் கிடைக்கும் பாதாம் பிசின் உப்பும், கரையாது; ஜிகர்தண்டாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மீன் எண்ணெய்ப் பால்மத்தில் ஒரு கவனம். வேலம்பிசினிலுள்ள ஆக்சிடேஸ் நொதி வைட்டமின் ஏ-யைக் கெடுக்கும். பிசின் கரைசலை 100 டிகிரி செல்சியஸில் சில நிமிடங்கள் சூடாக்கி, ஆறியபின் எண்ணெயைச் சேர்க்கவும்.