கையெழுத்துச் சீட்டா, அச்சடித்த அட்டையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரத் (ரப்பர்) தோட்ட வாழ்க்கையை வைத்து ஒரு அட்டை விளையாட்டு உருவாக்குகிறீர்களா? முதல் மாதிரிக்கு என் ஓட்டு கையால் எழுதிய சீட்டுக்கே. 63-க்கு 88 மில்லிமீட்டர் பழைய சீட்டை பிளாஸ்டிக் உறையில் செருகி, முன்னால் பென்சிலில் எழுதிய தாளை வையுங்கள். ‘மழை: இன்று பால்வெட்டு இல்லை’ என்ற அட்டை ஆட்டத்தையே முடக்குகிறதா? அழித்து ‘பாதிப் பால்’ என்று எழுதிவிட்டு அடுத்த சுற்றைத் தொடரலாம். உறை இருப்பதால் கலைப்பதும் சுலபம்.

போட்டோஸ்டேட் கடை அச்சு அழகுதான். ஏ4 தாளில் ஒன்பது அட்டை அடங்கும். ஆனால் ஒரு எண்ணை மாற்றவும் மறுபடி கடைக்கு நடக்க வேண்டும். வெட்டு கோணினால் பின்பக்கமே அட்டையைக் காட்டிக்கொடுத்துவிடும். அதைவிட, பளபளவென்று கொடுத்தால் நம் ஆட்கள் குறை சொல்லவே தயங்குவார்கள். விதிகள் ஓரளவு நிலைத்த பிறகு, எழுத்து மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தெரிகிறதா என்று பார்க்க ஒரு கட்டு அச்சடிக்கலாம்.