மஞ்சள் ஒட்டுப் பொறி அட்டை: பூச்சியைக் காட்டும், திராட்சை நோயைத் தீர்க்காது

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் தாழ்வாரத்தில் தொட்டியில் வளரும் திராட்சைக் கொடியின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கியபோது, செடி வாங்கிய கடையில் கைப்பேசிப் படத்தைக் காட்டினேன். அது பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் என்று பார்த்த மாத்திரத்தில் சொன்ன கடைக்காரர், தொங்கவிட்டால் கொடி பிழைத்துவிடும் என்று கூறி, பத்து மஞ்சள் ஒட்டுப் பொறி அட்டைகளை ஆறு வெள்ளிக்கு விற்றார்.

அப்படியொரு நோய் உண்டு என்பது உண்மைதான். 1880களில் கலிபோர்னியாவின் அனாஹைம் பகுதித் திராட்சைத் தோட்டங்களை அழித்த அந்நோய், அதை 1892இல் விவரித்த நியூட்டன் பியர்ஸின் பெயரால் அழைக்கப்படுகிறது. சைலெல்லா ஃபாஸ்டிடியோசா என்ற பாக்டீரியா, வேரிலிருந்து நீரை ஏற்றும் சைலக் குழாய்களில் பெருகி அவற்றை அடைத்துவிடுவதால், மண்ணில் ஈரம் இருந்தும் இலை காய்கிறது. அக்குழாய்ச் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சிகள் கிருமியைக் கொடிக்குக் கொடி கொண்டுசெல்கின்றன. தொற்றிய கொடியைக் குணப்படுத்தும் மருந்தே இல்லாதபோது ஓர் அட்டை என்ன செய்துவிடும்? கலிபோர்னியாவிலும் மஞ்சள் அட்டைகளைத் தொங்கவிடுகிறார்கள். பூச்சி வந்துவிட்டதா என்று கண்காணிப்பதே அங்கு அவற்றின் வேலை.

மேலும், என் கொடிக்கு வந்தது அந்நோயே அன்று என நினைக்கிறேன். பியர்ஸ் நோயில் கருகிய இலை உதிர்ந்தபின் காம்பு மட்டும் தீக்குச்சிபோல் கொடியில் நிற்கும். தண்டு முற்றிப் பழுப்பாகும்போது இடையிடையே பச்சைத் திட்டுகள் மிஞ்சும். இங்கு இரண்டும் இல்லை; தொட்டி விளிம்பில் வெள்ளையாக உர உப்புதான் படிந்திருந்தது. நிறைய நீரூற்றி மண்ணை அலசி, உரத்தைப் பாதியாகக் குறைத்தபின் வந்த தளிர்கள் கருகவில்லை.

பொருளாக மட்டும் பார்த்தால் அட்டையில் பெரிய குறையில்லை. பசை மூன்று வாரச் சாரலைத் தாங்கியது. வெள்ளை ஈக்களும் சிறு கொசுக்களும் ஏராளமாக ஒட்டின, தத்துப்பூச்சி ஒன்றுகூட இல்லை. ஒருநாள் காலையில் பல்லிக்குட்டி ஒன்று மாட்டிக்கொண்டு, சமையல் எண்ணெய் தடவி அதை விடுவிக்க அரைமணி நேரமானது. அந்த எச்சரிக்கை பொட்டலத்தில் இல்லை. மீதி அட்டைகளைச் சுவரிலிருந்து தள்ளி, வெள்ளை ஈ மொய்க்கும் மிளகாய்ச் செடிக்கு மாற்றிவிட்டேன்.