ஏரல் பக்கத்துக் காளவாயில் வாங்கிய கிளிஞ்சல் சுண்ணாம்பு

சுண்ணாம்பு நன்றாக இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்கு இரண்டு மூட்டை, வெள்ளையடிக்க ஒன்று, ஆக மூன்று மூட்டை வாங்கினோம். 25 கிலோ மூட்டை 600 ரூபாய். காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், அது எதைச் சுட்டு வந்தது என்று கேட்கப் போய்த்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது.

ஆச்சி வீடு தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, ஆற்றுக்குப் பக்கத்தில். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி வந்தபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே அந்த வெள்ளம்தான், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபிறகும் சுவர் காயவே இல்லை. மாமா பத்து வருஷத்துக்கு முன்னால் ஆசையாக அடித்து வைத்த பிளாஸ்டிக் பெயிண்ட் உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டு கொப்புளம் கொப்புளமாக உப்பி உதிர்ந்தது. கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இது சுண்ணாம்புச் சுவர், இதுக்குச் சுண்ணாம்புதான் சேரும், பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் காரை பூசி வெள்ளையடிங்க என்று சொன்னார்.

அவர் அடிச்சுவரைக் கொத்தியபோது செங்கலுக்கு நடுவே வெள்ளையாக நாலைந்து கல் தெரிந்தது. ஒன்றைக் கையில் எடுத்தேன். பார்க்கிற அளவுக்குக் கனம் இல்லை. மேலெல்லாம் நட்சத்திரம் மாதிரி சின்னச் சின்னக் குழி, ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டி, தேனடையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. "கடல் கல்லு தம்பி. பழைய வீட்டுல எல்லாம் கிடக்கும். தூத்துக்குடியில இருந்து வண்டியில வரும்" என்றார்.

அது பவளம். அந்த ஒவ்வொரு நட்சத்திரக் குழியிலும் ஒரு உயிர் குடியிருந்திருக்கிறது. மெத்தென்ற சின்ன உடம்பு, அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி. அந்தப் பாசி வெயிலில் சமைத்துக் கொடுப்பதைத் தின்றுகொண்டு, கடல்நீரில் இருக்கிற சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு ஒரு கிண்ணம் கட்டிக்கொள்ளும். கிளை கிளையாக வளர்கிற வகை வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் ஓடும், குண்டாக வளர்கிற வகை ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஆச்சி வீட்டுச் சுவரில் இருந்தது குண்டு வகை. ஒரு சாண் கல் என்றால் இருபது வருஷ உழைப்பாவது அதில் இருக்கும். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் எத்தனை நாள் படுத்துத் தூங்கியிருக்கிறேன், இது தெரியாமலே இருந்திருக்கிறேனே என்று மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளத்திட்டு. மீன்பிடிக்கிறவர்கள் பார் என்பார்கள். 117 வகைப் பவளம் அங்கே இருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரியச்சல்லி என்று நான்கு. இந்த நான்கைச் சுற்றித்தான் பல வருஷம் பாரைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, கார்பைடு ஆலைக்குப் போனது, வீட்டு அஸ்திவாரத்துக்கும் போனது. 1986-ல் அந்தத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதும் அதே வருஷம்தான். ஆனாலும் கல் எடுப்பது நிற்கவில்லை. 2001-ல் பவளத்தை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள், யானையும் புலியும் இருக்கிற பட்டியல் அது. 2004-ல் சுனாமி வந்தது. அதற்கப்புறம்தான் கல் எடுப்பது ஓய்ந்தது. அதற்குள் விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. பார் அலையை உடைக்காவிட்டால் மணல் தீவு எப்படி நிற்கும்? கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவுக்கும் இதே கதிதான்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதலில் போனது வேறு ஒரு கடை. பெயர் வேண்டாம். இது என்ன சுண்ணாம்பு, கிளிஞ்சலா கல்லா என்று கேட்டேன். சுண்ணாம்பு சுண்ணாம்புதான் என்று பதில் வந்தது. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் வெள்ளையாகக் கிளைவிட்ட பவளம் ஒன்று, அதில் விலைச்சீட்டு வேறு. இதை விற்கக் கூடாதே என்றேன். கரையில் ஒதுங்கினதுதானே என்றார். ஒதுங்கினதானாலும் செத்ததானாலும் விற்பதும் வாங்குவதும் குற்றம், மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை உண்டு என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருந்தது. நம்மில் எத்தனை பேர் கன்னியாகுமரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்விட்டு அப்படி ஒரு துண்டை வாங்கி ஷோகேஸில் வைத்திருக்கிறோம்!

ஏரல் பக்கத்துக் காளவாய் அப்படி இல்லை. வாசலிலேயே ஒரு தகரத்தில் கையால் எழுதி மாட்டியிருக்கிறார்கள்: கிளிஞ்சல் சுண்ணாம்பு மட்டும், கடல் கல் எரிப்பதில்லை. முதலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அண்ணாச்சி, கிளிஞ்சல்தானா என்று நான் கேட்டதும் பேசாமல் எழுந்து போய், குவியலில் இருந்து சுடாத ஓட்டை இரண்டு கையாலும் அள்ளிவந்து என் கையில் கொட்டினார். மட்டி ஓடு. கேரளத்துக் காயலில் இருந்து லாரியில் வருகிறதாம்.

"எங்கய்யா காலத்துல கல்லுதான் எரிச்சோம், பொய் சொல்ல மாட்டேன். வள்ளத்துல வரும், நல்லா வேகும், பால் மாதிரி சுண்ணாம்பு. அப்ப அது உயிருன்னு ஆரு சொன்னா? சுனாமி அன்னைக்குத்தான் கரையில உள்ள ஆளுக, தீவும் பாரும் இல்லைன்னா நம்ம ஊரு என்னத்துக்கு ஆகும்னு பேசுனாங்க. அதுக்குப் பெறகு எங்க வீட்டுல கல்லைத் தொடல." அன்று அலையைத் தணித்ததில் குறுக்கே இலங்கை கிடப்பதற்கும் பங்கு உண்டு. ஆனால் கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தீவும் பாரும் வாங்கிக்கொண்ட அடி கண்ணுக்குத் தெரிந்தது. வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் இதைச் சொல்கிறார். நான் இருந்த அரை மணி நேரத்திலேயே இரண்டு பேரிடம் சொன்னார். வெற்றிலைச் சுண்ணாம்பு வாங்க வந்த பாட்டியிடமும் சொன்னார், அவள் நின்று கேட்டாள். கூட்டம் போட்டு மைக்கில் சொல்வதைவிட இது நன்றாக ஏறும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் சொல்கிறவர் ஒரு காலத்தில் கல்லை எரித்தவர்.

இனி சரக்கு. சுட்ட ஓடாகவே கொடுக்கிறார்கள், தாளித்துக்கொள்வது நம் வேலை. இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று சீறி ஆவி கிளம்பிப் பொடியாக உதிர்கிறது, பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. மூன்று நாள் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, வச்சிரப் பசை கொஞ்சம் காய்ச்சி ஊற்றி, நீலம் கரைத்து மட்டையால் அடித்தோம். முதல் தடவை அடித்ததும் ஒன்றுமே தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்று இருந்தது, மறுநாள் காய்ந்தபின் வெளுத்தது பாருங்கள்! மூன்று தடவை அடித்தோம். ஈரச் சுவர் ஒன்றரை மாதத்தில் காய்ந்தது. அறைக்குள் புழுக்கம் குறைந்திருக்கிறது, அந்தப் பூஞ்சை நாற்றமும் போய்விட்டது.

குறையும் உண்டு. ஒரு மூட்டையில் வேகாத ஓடு நிறையக் கிடந்தது, இரண்டு கிலோவாவது வடிகட்டித் தூரப் போட்டோம். சொன்னபோது அடுத்த தடவை கழித்துக்கொள்கிறேன் என்றார். மழை பெய்தால் காளவாய் மூட்டுவதில்லை, சொன்ன தேதிக்கு எட்டு நாள் கழித்துத்தான் சரக்கு வந்தது. வச்சிரம் குறைந்தால் சாய்கிற முதுகில் சுண்ணாம்பு ஒட்டும், அது கடையின் குற்றம் இல்லை.

இன்னொன்றும் கேட்டேன். காயலில் ஓட்டை அள்ளிக்கொண்டே இருந்தால் அங்கேயும் ஒருநாள் தீராதா? உயிரோடு இருக்கிற மட்டியைத் தொடாமல் செத்த ஓட்டை மட்டும் அள்ளினால் பரவாயில்லை, எல்லாரும் அப்படிச் செய்வதில்லை என்று மறைக்காமல் சொன்னார். அந்த வெளிப்படையான பேச்சு எனக்குப் பிடித்தது. எனக்கு அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. சுண்ணாம்பை அளவாக வாங்கி வீணாக்காமல் அடிப்பதுதான் இப்போதைக்கு என்னால் முடிவது.

கல் எடுப்பது நின்றதால் பார் பிழைத்துக்கொண்டது என்று நினைத்துவிட வேண்டாம். இப்போது அடி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கோடையில் கடல் சூடேறினால் பவளம் தனக்குள்ளிருக்கிற பாசியை வெளியே தள்ளிவிடும், நிறம் போய்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும், சூடு சீக்கிரம் தணியாவிட்டால் பட்டினியில் செத்துவிடும். 2010-ல் அப்படி வெளுத்தது. 2016-ல் அதைவிட மோசம், மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு 39 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்தது 23-க்கு வந்துவிட்டது. அதோடு அறுந்த வலை பாரில் சிக்கிக்கொள்கிறது, ஊர்க் கழிவு கடலில் போய்க் கலக்கிறது, குருசடைத் தீவுப் பக்கம் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கடல்பாசி பவளத்தின்மேல் படர்ந்து மூடுகிறது. வான் தீவு தேய்ந்துகொண்டே போனதால் அதைச் சுற்றிக் கான்கிரீட்டில் செயற்கைத் திட்டு இறக்கி அரிப்பைத் தடுத்திருக்கிறார்கள். கான்கிரீட் அலையை உடைக்கும், அதன்மேல் பவளம் ஒட்டி வளரவும் செய்யும், ஆனால் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான்.

சுவரில் இருந்த அந்தக் கற்களைக் கொத்தனார் எடுத்துவிட்டுச் செங்கல் வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்று அப்படியே விட்டு மேலே காரை பூசச் சொன்னோம். அவை அங்கேயே இருக்கட்டும்.

மார்கழி பிறந்தால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற கூட்டம் வந்துவிடும், கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைத்துவிடுங்கள். சாக்கு நாமே கொண்டுபோனால் மூட்டைக்கு இருபது ரூபாய் குறைப்பார். எங்கே வாங்கினாலும் கிளிஞ்சலா கல்லா என்று ஒரு தடவை கேளுங்கள். எங்கள் அக்கா வீட்டுக்கு நான்கு மூட்டை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், வேகாத ஓட்டுக்கு இரண்டு கிலோ சேர்த்துப் போடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.