அம்பை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு எக்கோ ஷோ 8

அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு அமேசானின் எக்கோ ஷோ 8 வாங்கி வைத்தோம். பெங்களூரில் எங்கள் அடுக்களையிலும் ஒன்று. 8 அங்குலத் திரை, கேமரா, ஸ்பீக்கர். பாட்டு, வானிலை எல்லாம் உண்டு, அதை விடுங்கள். நாங்கள் வாங்கியது ‘டிராப் இன்’ வசதிக்காக.

சாதாரண வீடியோ காலை எதிர்முனையில் எடுத்தால்தான் ஆச்சு. இதில் நாம் முன்பே அனுமதித்த ஆள் கூப்பிட்டால் தானாக இணைந்துவிடும். மாவுக் கையோடு அம்மா போனைத் தேட வேண்டாம். முதல் சில நொடிகள் படம் மங்கலாகவே தெரியும். முந்தானையைச் சரிசெய்துகொள்ள அது போதும்.

சாயங்காலம் அம்மா அங்கே முருங்கைக்கீரை உருவுவார், நான் இங்கே சப்பாத்தி தேய்ப்பேன். ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேச மாட்டோம். அப்புறம் திடீரென்று, “ஏட்டி, பருப்பு மூணு விசில் விட்டாச்சு, அடுப்ப அணை” என்பார். போனில் இது நடக்காது. “சாப்டியா, மாத்திரை போட்டியா” முடிந்ததும் வைத்துவிடுவோம். எனக்கு இந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் பெரிசு.

கேமராவுக்கு மேலே ஒரு தள்ளுமூடி இருக்கிறது. மதியம் படுக்கப் போகும்போது அம்மா அதை மூடிவிடுவார். மூடும் உரிமை முழுக்க அவருடையது, ஏன் மூடினீர்கள் என்று நான் கேட்பதில்லை. பெற்றவர்களைக் கண்காணிக்க வீடு முழுக்கக் கேமரா மாட்டுவதை என்னால் ஏற்கவே முடியாது. ஜப்பானில் ஜோஜிருஷி நிறுவனம் 2001-லேயே ஐ-பாட் என்றொரு வெந்நீர்ப் பாத்திரம் கொண்டுவந்தது. கேமராவே கிடையாது. பெரியவர்கள் வெந்நீர் எடுத்த நேரம் பிள்ளைகளுக்கு மின்னஞ்சலில் போகும், அவ்வளவுதான். அந்த மரியாதை இங்கேயும் வேண்டும்.

குறை என்றால், இந்தக் கருவியில் நாம் சொல்வதைக் கேட்டு வேலை செய்யும் குரல் உதவியாளரான அலெக்சாவுக்கு இந்தியாவில் ஆங்கிலமும் இந்தியும்தான். தமிழில் பேச முடியாதது எனக்கு நிஜமாகவே வருத்தம். “அலெக்சா, கால் பாப்பா” என்ற ஒன்றை மட்டும் அம்மா பழகிக்கொண்டார். உள்ளே பேட்டரியும் இல்லை, கரண்ட் போனால் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தால் வைஃபை பெட்டியையும் அதிலேயே கொடுத்துவிடுங்கள்.

வாங்கினால் அடுக்களையிலோ சாப்பாட்டு மேசையிலோ வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகத் தெரியும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.