மாடல் 19-உம் செக்யூரிட்டி சிக்ஸும்: நெடுங்காலம் வைத்திருக்க எந்த ரிவால்வர்?

ஒரு கைத்துப்பாக்கியை ஓராண்டு வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி வேறு, முப்பது ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவர் கேட்கும் கேள்வி வேறு. முன்னவருக்குக் குறி சரியாக விழுகிறதா, விலை கட்டுப்படியாகிறதா என்று பார்த்தால் போதும். பின்னவரோ எந்த உறுப்பு முதலில் தேயும், தேய்ந்தால் அதைச் செப்பனிடத் தெரிந்தவர் இருப்பாரா, மாற்று உறுப்பு அன்றைக்கும் கிடைக்குமா என்பதை வாங்கும்போதே யோசித்தாக வேண்டும். அப்படி யோசிப்பவருக்கு அமெரிக்கத் துப்பாக்கிகளுள் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 19, ரூகர் செக்யூரிட்டி சிக்ஸ் ஆகிய இரண்டையும் விடப் பொருத்தமான இணை வேறு எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஆறு தோட்டா கொள்ளும் .357 மேக்னம் ரிவால்வர்கள். ஏறத்தாழ ஒரே எடையும் ஒரே உருவமும் கொண்டவை. ஆனால் முதுமை அடையும் விதத்தில் ஒன்றோடொன்று சற்றும் ஒத்துப்போகாதவை.

.357 மேக்னம் தோட்டா 1935-இல் வெளிவந்தபோது அதற்கென அமைந்த ரிவால்வர் பெரியதாகவும் கனமாகவும் இருந்தது. நாள் முழுவதும் இடுப்பில் சுமந்து திரியும் காவலருக்கு அது பாரம் என்று கருதிய எல்லைக் காவல் படை அதிகாரி பில் ஜோர்டன், நடுத்தர அளவான கே சட்டத்திலேயே, அதாவது கே வகை உடற்கூட்டிலேயே, மேக்னம் வேண்டும் என்று ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த அந்நிறுவனத்தாரை வலியுறுத்தினார். 1955-இல் 'காம்பாட் மேக்னம்' என்ற பெயரில் பிறந்து 1957-இல் 19 என்ற எண்ணைப் பெற்ற துப்பாக்கி அவ்வாறு உருவானதே. .38 ஸ்பெஷல் தோட்டாவுக்காக வளர்ந்த சட்டத்துக்குள் அதைவிட மிக வலுவான தோட்டாவை அமர்த்தினார்கள் என்பதுதான் அதன் அழகுக்கும் பலவீனத்துக்கும் பொதுவான காரணம். 1972-இல் வந்த செக்யூரிட்டி சிக்ஸுக்கு அத்தகைய மரபுச்சுமை இல்லை. தொடக்கம் முதலே மேக்னத்தை மனத்தில் வைத்து வரையப்பட்டது அது.

மாடல் 19-இன் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒப்பீட்டின் மையம் அந்த ஓர் இடம்தான். தோட்டாக்களை ஏந்திச் சுழலும் சிலிண்டரிலிருந்து பாயும் குண்டை ஏற்றுக்கொள்ளும் பேரலின், அதாவது குழலின், பின்முனை உட்புறம் கூம்பாகக் குடையப்பட்டிருக்கும். அதை ஃபோர்சிங் கோன் என்பார்கள். மாடல் 19-இல் சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கைக்கு இடம் விடுவதற்காக அந்தக் கூம்பின் வெளிப்புறத்தை அடியில், கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் திசையில், தட்டையாகச் சீவியிருப்பார்கள். சீவிய இடத்தில் எஃகு மெல்லியது. காவல் துறைகள் .38 தோட்டாவில் பயிற்சி செய்து, பணியில் மட்டும் மேக்னம் ஏந்திய காலம் வரை அந்த மெல்லிய சுவர் தாங்கியது. பயிற்சியும் முழு வலுத் தோட்டாக்களில்தான் நடக்க வேண்டும் என்ற வழக்கம் 1970-களில் பரவி, அதோடு 125 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் எடையுள்ள வேகமான குண்டுகளும் புழக்கத்துக்கு வந்தபோது கூம்பில் விரிசல்கள் தோன்றலாயின. இலேசான குண்டு நீளத்திலும் குட்டையாக இருப்பதால் அதன் அடிப்பகுதி சிலிண்டரை விட்டுச் சீக்கிரமே விலகுகிறது. பின்னால் எரிந்துகொண்டிருக்கும் வெடிமருந்தும் கொதிக்கும் வாயுவும் நேராகக் கூம்பின் மேல் பாய்கின்றன. 158 கிரெய்ன் குண்டு அந்தத் தீங்கைப் பெரிதும் குறைக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாடல் 19-ஐ நெடுநாள் வைத்திருக்க நினைப்பது, எண்ணெய் பார்க்காமல் பழைய எஞ்சினை ஓட்டுவதற்கு ஒப்பானது.

செக்யூரிட்டி சிக்ஸில் அந்தச் சீவல் இல்லை. கூம்பின் சுவர் கனமாகவே விடப்பட்டுள்ளது. சட்டத்தின் பக்கவாட்டில் திறக்கும் தகடும் இல்லை. ஸ்மித் அண்ட் வெசனில் பக்கத் தகட்டின் திருகுகளைக் கழற்றிய பிறகு, நெம்பாமல், சட்டத்தை மரப்பிடியால் மெல்லத் தட்டித்தான் தகட்டை எழுப்ப வேண்டும். நெம்பியவர் விட்டுச் சென்ற வடு அந்தத் துப்பாக்கி உள்ளவரை மறையாது. ரூகரிலோ பிடியின் திருகைக் கழற்றி, சுருள்வில்லை ஒரு சிறு ஊசியால் கட்டிவைத்துவிட்டால், தோட்டாவை வெடிக்க அடிக்கும் அடிசுத்தி மேல்வழியாகவும், விரலால் இழுக்கும் விசை அமைந்த கூடு மொத்தமாகக் கீழ்வழியாகவும் வந்துவிடும். உரிமையாளரே ஆண்டுக்கொரு முறை உள்ளே துடைத்து எண்ணெயிட முடிகிறது என்பது நெடுங்கால உடைமையில் சிறிய நன்மையன்று. அதன் சட்டம் வார்ப்பு எஃகு என்பதால் சிலர் அதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை. ரூகர் நிறுவனம் வார்ப்பின் தன்மையை அறிந்து தேவையான இடங்களில் கனம் சேர்த்தே அந்தச் சட்டத்தை அமைத்தது.

இவ்வளவு சொன்ன பின்பும், விசையின் மென்மை என்று வரும்போது என் கை மாடல் 19-ஐயே நாடுகிறது. தட்டை வில்லால் இயங்கும் அதன் விசை, தொடக்கம் முதல் அடிசுத்தி விழும் வரை ஒரே சீரான இழுப்பைத் தருகிறது. ரூகரின் விசை நேர்மையானது, நம்பத்தக்கது, ஆனால் சொரசொரப்பானது. பல்லாயிரம் முறை இயங்கிய பிறகு அது வழவழப்பாகலாம் என்றாலும் மற்றதற்கு இணையாவதில்லை. இதை வெறும் சுகம் என்று ஒதுக்கிவிட முடியாது. விருப்பமான விசை உள்ள துப்பாக்கியோடு மாதந்தோறும் சுடுகளத்துக்குச் செல்கிறோம். விருப்பமில்லாதது பெட்டகத்திலேயே கிடந்து, எடுக்க வேண்டிய நாளில் கைக்கு அந்நியமாகிவிடுகிறது.

உதிரி உறுப்புகளின் கணக்கு எதிர்பாராத திசையில் செல்கிறது. செக்யூரிட்டி சிக்ஸின் உற்பத்தி 1988-இல் நின்றது. 1985-இல் அதன் இடத்துக்கு வந்த ஜிபி100 வேறு வடிவமைப்பு, ஆகவே அதன் உறுப்புகள் இதற்குப் பொருந்துவதில்லை. மாடல் 19-இன் உற்பத்தி 1999 வரை நீடித்தது. அதன் உள் இயந்திரமோ மாடல் 10 உள்ளிட்ட பெரிய கே சட்டக் குடும்பத்துக்குப் பொதுவானது. அந்தக் குடும்பத்தின் அடிசுத்தியையும் வில்லையும் பொருத்தத் தெரிந்த துப்பாக்கிக் கம்மியர் இன்றும் உண்டு. ஆயினும் கூம்பில் விரிசல் விழுந்தால் பேரலையே மாற்ற வேண்டும், அந்தப் பழைய பேரலோ இப்போது புதிதாகச் செய்யப்படுவதில்லை. ஆக, மாடல் 19-இல் எளிதில் கிடைக்கும் உறுப்புகள் அரிதாகவே பழுதாகின்றன, பழுதாகக்கூடிய ஒரே பெரிய உறுப்போ கிடைப்பதற்கு அரிதாகிவிட்டது. ரூகரில் எதுவுமே எளிதில் கிடைப்பதில்லை, எனினும் எதுவும் எளிதில் உடைவதுமில்லை.

பராமரிப்பில் இரண்டுக்கும் பொதுவானவை பல. .38 ஸ்பெஷல் தோட்டாவின் உலோக உறை மேக்னம் உறையைவிட ஏறக்குறைய 3.4 மில்லிமீட்டர் குட்டையானது. அதைச் சுட்டால் சிலிண்டரில் தோட்டா அமரும் அறையின் முன்பகுதியில் கரி வளையமாகப் படியும். அதைத் தூரிகையால் தேய்த்து நீக்கிய பிறகே மேக்னத்தை இட வேண்டும். தோலுறைக்குள் வைத்தபடியே மாதக்கணக்கில் பூட்டிவைப்பது தவறு, ஏனெனில் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு நீலப் பூச்சை அரித்துவிடும். துருவுக்கு அஞ்சுபவர் இரண்டின் துருப்பிடிக்காத எஃகு வடிவங்களையும் தேடலாம். 19-க்கு அப்படி வந்த இணை, 1970-இல் வெளியான மாடல் 66.

2014-இல் மாடல் 66 மீண்டும் வந்தபோது பேரல் இரண்டு துண்டுகளாக அமைக்கப்பட்டு, கூம்பின் அடிச்சீவல் நீக்கப்பட்டது. பழைய குறையைத் தீர்த்த துப்பாக்கி அது. மேக்னம் மட்டுமே சுடுவேன் என்பவருக்கு அதையோ ஜிபி100-ஐயோ தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

பழைய இரண்டுக்குள் மட்டும் தேர்வு என்றால் என் தீர்ப்பு, துப்பாக்கியை விட, வைத்திருப்பவரின் பழக்கத்தைச் சார்ந்தது. பத்தில் ஒன்பது பங்கு .38 சுட்டு, மேக்னம் வேண்டியபோது 158 கிரெய்ன் மட்டுமே இடும் ஒழுங்கு உள்ளவர் மாடல் 19-ஐ எடுக்கட்டும். அந்த ஒழுங்கு தமக்கு மட்டுமின்றித் தமக்குப் பின் அதைப் பெறும் மகனுக்கோ மகளுக்கோ இருக்கும் என்று உறுதி கூற முடியாதவர் செக்யூரிட்டி சிக்ஸை எடுப்பதே நல்லது. கைமாறும் ரிவால்வர் தன் வரலாற்றைத் தானே சொல்லாது. எனவே மாடல் 19-ஐக் கொடுப்பவர், எந்தத் தோட்டா கூடாது என்பதைத் தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

பயன்படுத்திய மாடல் 19-ஐ வாங்கப் போகிறவர், சிலிண்டரில் தோட்டா இல்லை என்பதை முதலில் இருமுறை உறுதிசெய்துகொண்டு, அதைத் திறந்து, கூம்பின் அடிப்பகுதியைத் துணியால் துடைத்து, நல்ல விளக்கின் கீழ் உருப்பெருக்கியால் பார்க்கட்டும். பிறகு சிலிண்டரை மூடி, முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கட்டும்; விசையை மெதுவாக இழுத்து, அடிசுத்தி விழுவதற்கு முன்பே ஆறு அறைகளும் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்கின்றனவா என்று கவனிக்கட்டும். ஆட்டத்தையும் பூட்டுதலையும் கம்மியர் சரிசெய்துவிடுவார். ஆறு மணித் திசையில் மயிரிழை அளவு கோடு தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அதை மேசை மேல் திருப்பி வைத்துவிட வேண்டும்.