இண்டக்சன் கண்ணாடிக்கு அப்பச்சோடாவா, பிளேட்டா?

உப்புவெளியில் எங்கள் வீட்டு இண்டக்சன் அடுப்பில் பால் பொங்கிக் கருகியபோது இரண்டையும் செய்து பார்த்தேன்.

செலவு: அப்பச்சோடா குசினியிலேயே இருக்கும். பிடி வைத்த பிளேட் தனியாக வாங்க வேண்டும்.

கறை: சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் மூடி 15 நிமிடம் விட்டால் எண்ணெய்ப் பிசுக்கு இளகிவிடும், ஆனால் கருகிய பால் வளையம் அசையவே இல்லை, பிளேட்டை நன்றாகச் சாய்த்துப் பிடித்துத் தள்ளியதும் கறுப்புச் செதிலாகக் கழன்றது.

கீறல்: சோடாவில் பயமில்லை. பிளேட்டின் மூலை குத்தினால் கோடு விழும். கடற்காற்றில் சீக்கிரம் துருவேறும், துருவேறியதைக் கண்ணாடியில் வைக்கவே வேண்டாம்.

அன்றாடத்துக்குச் சோடா, கருகலுக்கு பிளேட். கிணற்றுத் தண்ணீர் காய்ந்த வெள்ளைத் தடத்துக்கு வினாகிரிதான் சரி. எதுவானாலும் முதலில் பிளக்கைக் கழற்றி அடுப்பை ஆறவிடுங்கள்.