ஒரு லிஸ்டிங், பல தேடல்கள்: கூகுள் பிசினஸ் புரொஃபைல் எதுவரை கைகொடுக்கும்?

கூகுள் தேடலிலும் மேப்பிலும் ஒரு தொழிலின் பெயர், முகவரி, ரிவ்யூ எல்லாம் காட்டும் பதிவுதான் லிஸ்டிங். அதைத் தொழில் நடத்துபவர் நிரப்பிப் பராமரிக்கும் இடம் கூகுள் பிசினஸ் புரொஃபைல். அதைத் திறந்ததும் பலர் தேடுவது, கீவேர்ட் (வாடிக்கையாளர் தேடும் சொல்) எழுத ஓர் இடம். அப்படி ஒன்று அதில் இல்லை. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ‘லேபிள்’ என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் சொற்களைக் கொட்டி நிரப்பிவிட்டு, மேப்பில் மேலே வரக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டி, விளம்பரம் கொடுப்பவர்கள் தங்கள் கிளைகளைப் பிரித்து வைத்துக்கொள்வதற்கானது. தேடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2014-இல் ‘கூகுள் மை பிசினஸ்’ என்று வந்து 2021-இல் பெயர் மாறிய இந்த இலவச சேவையை, ஒரே கேள்வியோடு இங்கே எடைபோடலாம்: ஒரு லிஸ்டிங்கை வைத்துக்கொண்டு பல சொற்களுக்கு மேலே வர முடியுமா? முடியும். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே அளவில் வராது. லிஸ்டிங்கின் முழு பலமும் ஒரு சொல்லுக்குத்தான் போகும். எந்தச் சொல் என்று முடிவு செய்துவிட்டு, மிச்சத்தை வெப்சைட்டிடமும் ரிவ்யூக்களிடமும் ஒப்படைக்க வேண்டும்.

தேடல் முடிவில் மேப்போடு சில தொழில்களைக் காட்டும் பெட்டியில் வரிசை எப்படி அமைகிறது என்று கூகுளே சொல்லியிருக்கிறது: தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், தொழில் எவ்வளவு பிரபலம். முன்பு ஏழு பேருக்கு இடமிருந்த அந்தப் பெட்டி 2015-இல் மூன்றாகச் சுருங்கியது. இதில் பலர் கவனிக்காதது, ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லை தனித்தனி. ஒரு பல் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். ‘பல் டாக்டர்’ என்று தேடினால் பக்கத்திலேயே நிறைய பேர் இருப்பார்கள். அதனால் சில தெருக்களைத் தாண்டினாலே இந்த மருத்துவமனை காணாமல் போகும். ‘ரூட் கேனால்’ என்று தேடினால், அதற்குப் பொருத்தமாகத் தெரியும் லிஸ்டிங் குறைவு. எனவே அதே மருத்துவமனை இன்னும் தூரத்திலும் முதல் மூன்றில் வரலாம். ‘எனக்கு எத்தனாவது இடம்?’ என்று கேட்பதே அரைக் கேள்விதான். எந்தச் சொல்லுக்கு, எங்கே நின்று தேடினால் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மேப்பைக் கட்டம் கட்டி, 5-க்கு 5 என்றால் 25 புள்ளிகளிலிருந்து தேடிக் காட்டும் டூல்கள் இருக்கின்றன. சொந்தக் கடைக்குள் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்து, முதலிடம் என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. அங்கே தூரம் பூஜ்ஜியம்.

இந்த சேவையில் அதிக பலம் உள்ள ஒரே பெட்டி, முதன்மை கேட்டகரி, அதாவது என்ன தொழில் என்று கூகுளின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது. முதன்மையாக ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை வைக்கலாம். இரண்டுக்கும் உள்ள எடை வித்தியாசம் மிகப் பெரியது. முதன்மையில் ‘பல் மருத்துவர்’ இருந்து, ‘ஆர்த்தோடான்டிஸ்ட்’ (பல் கிளிப் நிபுணர்) கூடுதலில் இருந்தால், பல் கிளிப் தேடல்களில் அதையே முதன்மையாக வைத்தவர்தான் பெரும்பாலும் முந்துவார். தேர்ந்தெடுக்கும் வழி எளிது. அதிக வருமானம் தரும் சொல்லை மேப்பில் தேடுங்கள். முதலில் வரும் பத்து பேரின் பெயருக்குக் கீழே தெரிவது அவர்களின் முதன்மை கேட்டகரி. எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் அந்தச் சொல்லோடு கூகுள் முடிச்சுப் போட்டிருக்கும் கேட்டகரி. ஒவ்வொரு சொல்லுக்கும் இப்படிப் பார்த்தால், பல சொற்கள் ஒரே கேட்டகரியில் வந்து விழும். தனியாக நிற்பவற்றைக் கூடுதலில் சேர்க்கலாம். ஒன்பதும் காலியாக இருக்கிறதே என்பதற்காக, செய்யாத வேலையைச் சேர்க்கக் கூடாது. மாற்றினால் சில வாரம் விட்டுவிட்டு அதே கட்டத்தில் பார்க்க வேண்டும். வாரம் ஒரு கேட்டகரி என்று மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. தொழில் உங்களுடையதுதானா என்று மீண்டும் வெரிஃபிகேஷன் கேட்கும் ஆபத்தும் உண்டு.

அடுத்து, பெயர். ‘பெயர் + ரூட் கேனால் + பல் கிளிப் + 24 மணி நேரம்’ என்று ரயில் பெட்டி போல நீட்டுபவர்கள் மேலே வருவது உண்மைதான். 2021 கடைசியில் வந்த உள்ளூர் தேடல் அப்டேட்டுக்குப் பிறகு தூரத்துக்கு எடை கூடி, பெயருக்குச் சற்றுக் குறைந்தது. ஆனாலும் இந்த வித்தை இன்னும் சாகவில்லை. இது சேவையின் வெட்கக்கேடான ஓட்டை. பெயர்ப்பலகையில் இல்லாத சொல்லை லிஸ்டிங் பெயரில் வைப்பது விதிமீறல். யாராவது ஒருவர் ‘திருத்தம் பரிந்துரை’ கொடுத்தால் அது நீங்கலாம். புகார் படிவம் போனால் லிஸ்டிங்கே சஸ்பெண்ட் ஆகலாம். அப்பீல் செய்யும்போது ஆதாரம் சேர்க்க 60 நிமிடம்தான் தருகிறார்கள். பதிவுச் சான்று, பெயர்ப்பலகைப் படம், முகவரியோடு கூடிய பில் எல்லாம் கையில் இல்லாமல் அந்தப் படிவத்தைத் தொடாதீர்கள்.

சர்வீஸ் பகுதி பலரும் காலியாக விடும் இடம். ஒவ்வொரு கேட்டகரிக்கும் கூகுளே சில சர்வீஸ்களைப் பரிந்துரைக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் சிறிய தேடல்களில் அசைவு தெரியும். பட்டியலில் இல்லாததை நாமே எழுதிச் சேர்க்கலாம், 300 எழுத்துக்குள் விளக்கமும் கொடுக்கலாம். தேடல் முடிவில் சில நேரம் ‘இந்த சேவை உண்டு’ என்ற வரி பெயருக்குக் கீழே தோன்றும். அது இங்கிருந்து வருவது. இடம் உயராவிட்டாலும் அந்த வரி கிளிக்கைக் கூட்டும். 750 எழுத்து விளக்கப் பகுதியில் கீவேர்ட் திணிப்பது வீண், அது மனிதர்கள் படிக்க. லிஸ்டிங்கில் போடும் போஸ்டுகளும் அப்படித்தான். படங்களுக்குள் இருப்பிடக் குறியீட்டைப் பதித்து ஏற்றித் தருகிறோம் என்று காசு வாங்குபவர்களை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பல சொற்களுக்கான உண்மையான இயந்திரம் லிஸ்டிங்குக்கு வெளியே, வெப்சைட்டில் இருக்கிறது. ஒரே பக்கத்தில் இருபது சிகிச்சைகளையும் பட்டியல் போட்டுவிட்டு இருபது சொல்லுக்கும் வர வேண்டும் என்பது பேராசை. சிகிச்சைக்கு ஒரு பக்கம், தலைப்பில் அந்தச் சொல், உள்ளே நோயாளி கேட்கும் விஷயங்கள்: எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், யாருக்குச் செய்யக் கூடாது. முதல் பக்கத்திலிருந்து இவை ஒவ்வொன்றுக்கும் லிங்க். லிஸ்டிங்கில் எந்தப் பக்கத்தைக் கொடுப்பது என்பதில் ஒரு பேரம் இருக்கிறது. முதல் பக்கத்தைக் கொடுத்தால் பொதுச் சொற்களுக்கு நல்லது. ஒரு சிகிச்சையின் பக்கத்தைக் கொடுத்தால் அந்தச் சொல் ஏறலாம், மற்றவை இறங்கலாம். ஒரே கிளை உள்ளவர்கள் முதல் பக்கத்தையே கொடுத்து, அதில் எல்லாச் சிகிச்சைகளைப் பற்றியும் ஓரிரு பத்தி எழுதுவது பெரும்பாலும் சரியாக வரும்.

ரிவ்யூக்களில் நோயாளியே எழுதும் சொல் தேடலில் தடித்த எழுத்தில் காட்டப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்காக ‘ரூட் கேனால் என்று எழுதுங்கள்’ என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ‘எதற்காக வந்தீர்கள், எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்’ என்று கேட்டால் சொல் தானாக வரும். பரிசு, தள்ளுபடி காட்டி வாங்குவதும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி லிங்க் அனுப்புவதும் விதிமீறல். ஒரே நாளில் நாற்பது வந்து பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் வராவிட்டால், சில காணாமலும் போகும். பதில் எழுதும்போது கீவேர்ட் திணிப்பதால் லாபம் இல்லை. படிப்பவருக்கு ரோபோவோடு பேசுவது போலிருக்கும்.

நேரில் போய்ச் சேவை தரும் ஊர்களை, ‘சேவைப் பகுதி’ என்று 20 வரை சேர்க்கலாம். அதனால் அந்த ஊர்களில் மேலே வருவோம் என்பது தவறு. தூரத்தைக் கணக்கிடுவது, வெரிஃபை செய்த முகவரியிலிருந்துதான். திறந்திருக்கும் நேரம் மட்டும் கவனத்துக்குரியது: மூடிய நேரத்தில் பல தேடல்களில் இடம் சரியும். பொய்யாக 24 மணி நேரம் என்று போடாதீர்கள். நள்ளிரவில் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் எழுதும் ஒற்றை நட்சத்திரம் அதைவிட நஷ்டம்.

இரண்டாவது சொல்லுக்காக அதே முகவரியில் இரண்டாவது லிஸ்டிங் திறக்கலாமா? கூடாது. திறந்தாலும், ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றைக் கூகுள் மறைத்துவிடும். 2016-இலிருந்து இந்த வடிகட்டி கண்கூடாகத் தெரிகிறது. விதியே அனுமதிக்கும் வழி ஒன்று உண்டு. மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்கள் பலர் ஒரே இடத்தில் வேலை செய்தால், ஒவ்வொருவரும் தம் பெயரில் லிஸ்டிங் வைத்துக்கொள்ளலாம். பல் கிளிப் நிபுணர் தன் லிஸ்டிங்கில் ‘ஆர்த்தோடான்டிஸ்ட்’ என்பதை முதன்மையாக வைத்து, வெப்சைட்டில் அந்தப் பக்கத்தையே லிங்க் கொடுத்தால் இரண்டு சொல்லுக்கும் இரண்டு லிஸ்டிங் நியாயமாகவே வேலை செய்யும். ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரியும், அவர் வேலையை விட்டுப் போனால் லிஸ்டிங்கும் அவரோடு போகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். மருத்துவர் ஒருவரே என்றால் லிஸ்டிங்கும் ஒன்றே.

மிகப் பெரிய குறை, அறிக்கை. எந்தெந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு லிஸ்டிங் தெரிந்தது என்று மாதவாரியாகக் காட்டுகிறது, ஆனால் சிறிய சொற்களுக்கெல்லாம் ‘15-க்கும் குறைவு’ என்று எழுதி முடித்துவிடுகிறது. பல சொற்களைப் பின்தொடர்பவருக்கு வேண்டியதே அந்தச் சிறிய சொற்கள்தான். எத்தனாவது இடம், எந்தச் சொல்லிலிருந்து போன் வந்தது என்பதும் கிடையாது. இந்த ஒரு பகுதிக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் பாஸ் மார்க் தேறாது.

இதற்கு மாற்று, வெப்சைட் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் இருக்கிறது. லிஸ்டிங்கில் கொடுக்கும் வெப்சைட் முகவரியின் வாலில் யூடிஎம் குறியீடு (வந்தவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் அடையாளம்) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். சில வாரங்கள் கழித்து, சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் பக்கங்களை அந்தக் குறியீட்டை வைத்து வடிகட்டினால், லிஸ்டிங்கின் வழியாக வந்த தேடல் சொற்கள், கிளிக், சராசரி இடம் மூன்றும் தனியாகத் தெரியும். சராசரி இடம் எல்லா ஊரையும் கலந்த எண் என்பதால் அதை அப்படியே நம்ப வேண்டாம். லிஸ்டிங் பல முறை தெரிந்தும் கிளிக் குறைவாக உள்ள சொற்களைக் குறித்துக்கொண்டு, வெப்சைட்டின் அடுத்த பக்கத்தை அவற்றுக்கு எழுதத் தொடங்கலாம்.